கிளச்சும் கியர்ப்பெட்டியும் எழுப்பும் ஓசைகள்

நெடுந்தூரம் ஓடிய பழைய காரொன்றின் அடிப்புறத்திலிருந்து ஒருநாட் காலை புதியதோர் ஓசை எழுமாயின், அதன் சொந்தக்காரர் முதலில் நினைப்பது செலவைப்பற்றியே ஆகும். அவர் வாடகைக்கு ஓடிப் பிழைப்பவராயின் அந்நினைவு இன்னும் கனமானது. கார் கராச்சில் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு உலை காத்திருக்கும் நாள். மெக்கானிக் காரில் ஏறி ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வருகிறார். "கியர்ப்பெட்டிதான் ஐயா இரையுது. இறக்கித்தான் பார்க்கவேணும்" என்கிறார். கியர்ப்பெட்டி இறக்கப்படுகிறது, பெயரிங்குகள் மாற்றப்படுகின்றன, நான்கு நாட்களின் பின் கார் வெளியே வருகிறது. முதல் மைலிலேயே பழைய ஓசை மீண்டும் கேட்கிறது. அவ்வோசை பிறந்த இடம் கியர்ப்பெட்டியன்று. பின்னச்சின் நடுவிலுள்ள டிபரன்சியல்.

இங்கே மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வதிற் பயனில்லை. காரின் உடல் முழுவதும் இரும்புத் தகடு. பின்னச்சில் எழும் ஓசை, புரொப்பெல்லர் தண்டின் வழியாகவும் தரைத் தகட்டின் வழியாகவும் முன்னேறி, சாரதியின் இருக்கைக்குக் கீழிருந்தே வருவதுபோலக் காதை ஏமாற்றும். தேர்ந்த காதுகளும் இதில் ஏமாந்ததுண்டு. ஆயினும் கால்மணி நேரச் சோதனை ஒன்று முன்னரே செய்யப்பட்டிருக்குமாயின், இந்த நான்கு நாட்களும் பணமும் மிஞ்சியிருக்கும்.

ஓசையின் தன்மையை மட்டும் கொண்டு நோயைக் கண்டறிய முயல்வோர் பலர். இரைச்சல், முனகல், கறகறப்பு, கிரீச்சிடல், சலசலப்பு, தட்டல் என ஓசையைக் குறிக்கும் சொற்களுக்குத் தமிழிற் பஞ்சமில்லை; ஆனால் ஒருவர் முனகல் என்பதை மற்றவர் இரைச்சல் என்பார். சொல்பவர் கேட்டதும் கேட்பவர் நினைப்பதும் ஒன்றாயிருப்பது அருமை. ஆகவே ஓசை எத்தகையது என்ற கேள்வியை இரண்டாம் இடத்தில் வைத்து, அது எப்போது எழுகிறது, எதைச் செய்தால் நின்றுவிடுகிறது என்பதையே முதலில் ஆராயவேண்டும். இதற்குரிய கருவிகள் மூன்றும் சாரதியின் கைக்கும் காலுக்கும் எட்டும் இடத்திலேயே உள்ளன. கிளச்சு மிதி, கியர்க் கைபிடி, அக்சிலேற்றர் என்பனவே அவை. இவை ஒவ்வொன்றும் பொறியின் சில பாகங்களைச் சுழலாமல் நிறுத்தும்; அல்லது அவற்றின்மேற் பாரத்தை ஏற்றும், இறக்கும். எந்தப் பாகம் நின்றபோது ஓசையும் நின்றது என்பது தெரிந்தால், பாதி வேலை முடிந்தது எனலாம்.

இவ்வாராய்ச்சிக்கு மொறிஸ் மைனர் காரை உதாரணமாகக் கொள்வது பொருத்தமாகும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இக்கார் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் காட்சியில் முதன்முதல் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழப் பதினாறு இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இலங்கைக்கு வந்தவை இன்னும் தெருக்களில் ஓடுகின்றன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களில் இறக்குமதி இறுக்கப்பட்டபோதும், பின்னர் 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டின் தொடக்கம்வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் தடைப்பட்டிருந்தபோதும், உள்ளதைப் பேணி ஓட்டும் பழக்கம் இந்நாட்டில் வேரூன்றியது. அக்காலக் கார்களிற் பலவற்றின் மைல்மானி ஐந்து இலக்கம் மட்டுமே காட்டும். இலட்சம் மைல் கடந்ததும் அது மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். அது எத்தனை முறை அவ்வாறு திரும்பியது என்பதைக் கார் சொல்லாது. கியர்ப்பெட்டி ஓரளவு சொல்லும்.

பாகங்களின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது அவசியம். எஞ்சினின் பின்முனையில் பறப்புச்சில்லு எனப்படும் கனத்த இரும்புத் தட்டு சுழல்கிறது. உராய்வுப் பொருள் பதித்த கிளச்சுத் தட்டை, அமுக்குத் தட்டொன்று வில்லுகளின் வலியினால் இப்பறப்புச்சில்லோடு சேர்த்து நெருக்குகிறது. மிதியில் கால் படாத வேளையில் மூன்றும் ஒன்றாகச் சுழலும். மிதியை அழுத்தும்போது, விடுவிப்புப் பெயரிங் முன்னோக்கிச் சென்று அமுக்குத் தட்டின் பிடியைத் தளர்த்துகிறது. கிளச்சுத் தட்டு தனித்து நின்றுவிடுகிறது. எஞ்சின் ஓடினாலும் கியர்ப்பெட்டி ஓய்ந்துவிடுகிறது.

கியர்ப்பெட்டியினுள்ளே மூன்று தண்டுகள் உள்ளன. கிளச்சுத் தட்டிலிருந்து வரும் முன்தண்டு குறுகியது. அதே நேர்கோட்டில் அதன் பின்னால் நீள்வது பிரதான தண்டு. சில்லுகளுக்கு விசையைக் கொண்டுசெல்வது இதுவே. இவ்விரண்டுக்கும் கீழே கீழ்த்தண்டு இருக்கிறது. பல அளவுப் பற்சில்லுகள் ஒன்றாய் இணைந்த உருளையொன்று, இக்கீழ்த்தண்டைச் சுற்றி ஊசிபோன்ற மெல்லிய உருளைகளின்மேற் சுழல்கிறது. முதல் மூன்று கியர்களிலும் விசை முன்தண்டிலிருந்து கீழ் உருளைக்கு இறங்கி, பின்னர் பிரதான தண்டுக்கு ஏறுகிறது. நான்காம் கியரில் மட்டும் முன்தண்டும் பிரதான தண்டும் நேரே பூட்டப்படுகின்றன. அப்போது கீழ் உருளை சுழலும். ஆனால் அதன்மேற் பாரமில்லை. இந்தச் சிறு வேறுபாட்டை நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்வரும் சோதனைகளிற் பாதி இதன்மேலேயே நிற்கின்றன.

முதலாவது சோதனைக்குக் காரை ஓட்டவேண்டியதில்லை. எஞ்சினைச் சூடேற்றி, கைப்பிறேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, மிதியில் காலை வையாமல் கேட்கவேண்டும். கார் நின்றாலும் முன்தண்டும் கீழ் உருளையும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. கற்களை உருட்டுவதுபோன்ற ஓசை கேட்குமாயின், மிதியை முழுவதும் அழுத்திப் பார்க்கவேண்டும். ஒன்றிரண்டு வினாடிகளில் தண்டுகள் ஓய, ஓசையும் ஓயுமாயின், குறை கியர்ப்பெட்டியின் உள்ளேதான். முன்தண்டின் பெயரிங்கோ கீழ் உருளையின் ஊசிகளோ தேய்ந்திருக்கும். மிதியை அழுத்தினாலும் விட்டாலும் ஓசை மாறாது நிற்குமாயின், கியர்ப்பெட்டியைத் தொடவே வேண்டாம். தண்ணீர்ப் பம்பி, டைனமோ, எங்கோ உடலோடு உரசும் புகைக்குழாய் ஆகியவற்றைத் தேடுவதே முறை.

ஓர் எச்சரிக்கை. எஞ்சின் மிக மெதுவாகவும் சீரின்றியும் ஓடும்போது அதன் துடிப்பினால் பற்சில்லுகள் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். எஞ்சினின் வேகத்தைச் சிறிது கூட்டியதும் இது மறைந்துவிடுமாயின், அதனை நோயாகக் கொள்ளவேண்டியதில்லை. எஞ்சினைச் சீர்செய்தாற் போதும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், பெற்றோல் கிடையாமல் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து மைனர்களும் ஒஸ்ரின்களும் அவ்வாறு சலசலத்திருந்தால் அதில் வியப்பில்லை.

இனி, மிதியை அழுத்தும்போது நிற்காமல், அழுத்தும்போதே பிறக்கும் ஓசை. இது பெரும்பாலும் விடுவிப்புப் பெயரிங்கினது. இக்காலக் கார்களில் இது குண்டுப் பெயரிங்காக இருக்கும்; எண்ணெய்ப் பசை உலர்ந்தால் இரையும். மைனரிலோ அது கிரபைட்டு என்னும் கரிப்பொருளாலான வளையம். அது சுழலும் உருக்குத் தட்டின்மேல் நேரே உராய்ந்து தன் கடமையைச் செய்கிறது. நல்ல நிலையில் அது ஏறக்குறைய ஓசையற்றது. கரி முற்றாகத் தேய்ந்து, அதனைத் தாங்கும் உலோகக் கிண்ணமே தட்டில் உரசும் நிலை வந்ததும் கிரீச்சிடும். சந்தியிலும் ரயில் கடவையிலும் மிதியை அழுத்தியபடியே காத்திருக்கும் சாரதியின் காரில் இக்கரி விரைவிலே கரையும். நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுபவரின் காரில் நெடுங்காலம் நிற்கும். ஓடும்போது மிதியின்மேற் காலைச் சார்த்தி வைத்திருக்கும் பழக்கம் இதனினும் கெடுதியானது.

மிதியை இலேசாகத் தொட்டதுமே நின்றுவிடும் கிலுகிலுப்பு வேறொன்று. அது விடுவிப்புப் பெயரிங் தன் கவையில் தளர்ந்து ஆடுவதைக் காட்டும். உடனடி ஆபத்தில்லை. மற்றொன்று, மிதி முழுவதும் அழுத்தப்பட்டு, கியர் போடப்பட்டு, கார் நிற்கும்போது மட்டும் எழும் கீச்சொலி. முன்தண்டின் நுனி, எஞ்சின் தண்டின் பின்முனையிலுள்ள சிறிய வெண்கலக் குழலொன்றில் அமர்ந்திருக்கிறது. ஒன்று நிற்க மற்றொன்று சுழலும் அவ்வேளையில், தேய்ந்த குழல் கீச்சிடும். இதனையும் விடுவிப்புப் பெயரிங்கின் ஓசையையும் குழப்பிக்கொள்வது எளிது. பெயரிங்கின் ஓசை மிதியின் தளர்வு முடிந்து அழுத்தம் தொடங்கும் கணத்திலேயே எழும். குழலின் ஓசை கிளச்சு முற்றாகப் பிரிந்த பின்னரே எழும்.

சிலர் நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியைக் கியர்ப்பெட்டியின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு வைத்துக் கேட்பர். வைத்தியர் நெஞ்சிற் குழல்வைத்துக் கேட்பதை ஒத்த இம்முறை மிக நல்லது. முன்பக்கத்தில் ஓசை மிகுமா, பின்பக்கத்தில் மிகுமா என்பது உடனே தெரியும். ஆனால் யக்கை மட்டும் நம்பி உயர்த்திய காரின்கீழ் ஒருபோதும் புகலாகாது. உறுதியான தாங்கிகள் வைத்து, சில்லுகளுக்கு அடைகொடுத்த பின்னரே புகவேண்டும்.

இரண்டாவது சோதனை தெருவிற் செய்வது. வாகனங்கள் குறைந்த விடியற்காலையில், சமனான நேர்த்தெருவொன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். மைனர் முதற்கியரில் இரைவது கண்டு அஞ்சவேண்டாம். அதன் முதற்கியரிலும் பின்கியரிலும் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. அவை புதிதாயிருந்த காலத்திலும் இரைந்தவையே. மற்றக் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவையாதலின் அமைதியாக ஓடவேண்டும். முதற்கியருக்குச் சிங்கிரோமெஷ் என்னும் இசைவுப் பொறியும் இல்லை. கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதற்கியருக்கு இறக்க முயல்பவருக்குக் கிடைக்கும் கறகறப்பு, கியர்ப்பெட்டியின் குறையன்று.

ஒவ்வொரு கியரிலும் சிறிது தூரம் ஓடிப் பார்த்தால் விடை தானாகவே வரும். இரண்டிலும் மூன்றிலும் இரைந்து, நான்கிற்கு மாற்றியதும் திரை விழுந்தாற்போல் அமைதி பிறக்குமாயின், கீழ் உருளையும் அதன் ஊசிகளுமே குற்றவாளிகள். நான்காம் கியரில் அவற்றின்மேற் பாரமில்லை என்பது முன்னர்க் கூறப்பட்டது. ஒரு கியரில் மட்டும் ஓசை இருந்தால் அக்கியரின் பற்கள் தேய்ந்துள்ளன. நான்கு கியர்களிலும் இருந்தால் முன்தண்டின் பெயரிங்கோ பிரதான தண்டின் பின் பெயரிங்கோ காரணம். கார் நிற்கும்போது நியூட்ரலிலும் அவ்வோசை கேட்டிருப்பின் முன்னது. ஓடும்போது மட்டுமே கேட்பின் பின்னது. பிரதான தண்டு சில்லுகளோடு பிணைக்கப்பட்டதாதலின், கார் நிற்கையில் அதுவும் நிற்கிறது.

இனித்தான் டிபரன்சியலைப் பிரித்தறியும் வழி வருகிறது. தொடக்கத்திற் கூறிய வாடகைக்காரரைக் காத்திருக்கக்கூடியதும் இதுவே. மணிக்கு 30 மைல் வேகத்தில் மூன்றாம் கியரில் ஓடி, ஓசையின் சுருதியைக் கவனிக்கவேண்டும். அதே வேகத்தை வைத்துக்கொண்டு நான்காம் கியருக்கு மாற்றவேண்டும். எஞ்சின் இப்போது மெதுவாகச் சுழல்கிறது. சில்லுகளின் வேகமோ மாறவில்லை. ஓசையின் சுருதி எஞ்சினோடு இறங்குமாயின் அது கிளச்சின் பக்கத்திலிருந்து, அல்லது கியர்ப்பெட்டியின் முன்பகுதியிலிருந்து வருகிறது. சுருதி சற்றும் மாறாதிருந்தால் அது பிரதான தண்டிலும் அதற்குப் பின்னாலுமே பிறக்கிறது. பின்னர், சமதரையில் மட்டும், நியூட்ரலுக்கு மாற்றிக் காரைத் தானாக ஓடவிடலாம். அப்போதும் ஓசை தொடர்ந்து, காரின் வேகத்தோடு சிறிது சிறிதாகத் தணியுமாயின், டிபரன்சியல், சில்லுப் பெயரிங்குகள், ரயர் ஆகியவற்றையே முதலில் ஆராயவேண்டும்.

இவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கலாம். அக்சிலேற்றரை அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் ஓய்வது, அல்லது அதற்கு மாறாக நடப்பது, டிபரன்சியலின் இயல்பு. அதன் பற்கள் ஒருபுறத்தில் மட்டும் தேய்ந்திருப்பதே காரணம். வளைவில் திரும்பும்போது கூடிக் குறைவது சில்லுப் பெயரிங். தார்த்தெருவிலிருந்து கொங்கிறீற்றுத் தெருவுக்கு மாறும்போது தானும் மாறிவிடும் ஓசை ரயரினது. காரைக் கிளப்பும்போதும், காலை எடுத்து மீண்டும் அழுத்தும்போதும் 'டக்' என ஒருமுறை தட்டுவது, புரொப்பெல்லர் தண்டின் இரு முனைகளிலுமுள்ள யுனிவேர்சல் மூட்டுகளிலொன்று தளர்ந்ததைப் பெரும்பாலும் காட்டும். சில்லுகளுக்கு அடைகொடுத்து, கைப்பிறேக்கை விட்டு, தண்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் அத்தளர்வு விரலுக்கே தெரியும். மூட்டுக்குரிய செலவு கியர்ப்பெட்டிச் செலவின் அருகிலும் வராது.

கிளச்சின் நோய்களிற் சில ஓசையற்றவை. ஏற்றத்தில் எஞ்சின் விரைந்து கூவ, கார் மட்டும் பின்தங்குமாயின் கிளச்சு வழுக்குகிறது. தீய்ந்த நாற்றமும் உடன்வரும். மிதியை முழுவதும் அழுத்தி, நான்கு வினாடி பொறுத்து, பின்கியரைப் போட்டாலும் கறகறக்குமாயின், கிளச்சு முற்றாகப் பிரியவில்லை. மைனரில் மிதியிலிருந்து கவைவரை செல்வது இரும்புக் கோல்களும் மூட்டுகளும். அம்மூட்டுகள் தேய்ந்து தளர்ந்தாலே இக்குறை தோன்றும். கிளச்சை மாற்றுமுன் அவற்றையும் மிதியின் தளர்வையும் கைந்நூலிற் சொன்ன அளவுக்குச் சரிசெய்து பார்க்கவேண்டும். சில நிமிட வேலை அது. காரைக் கிளப்புகையில் உடல் முழுவதும் நடுங்குவது, கிளச்சுத் தட்டில் எண்ணெய் பட்டிருப்பதாலோ எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் சிதைந்திருப்பதாலோ நேரும். இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது? மைனர் எஞ்சினின் பின்முனையில் இறப்பர் அடைப்பு எதுவும் இல்லை. எண்ணெயைத் திருப்பியனுப்பும் திருகுவெட்டு மாத்திரமே உண்டு. ஆகவே சிறிது கசிவது இயல்பு. அது வடிந்தோடக் கிளச்சுக் கூட்டின் அடியில் ஒரு துளையும், அத்துளை அடையாதிருக்க அதில் தொங்கும் பிளவாணி ஒன்றும் அமைத்திருக்கிறார்கள். கார் ஓடும்போது அந்த ஆணி ஆடி ஆடித் துளையைத் தூய்மையாக வைத்திருக்கும். தேவையற்றதென்று எண்ணி அதனைப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. சேறு துளையை அடைத்தபின், எண்ணெய் கிளச்சுத் தட்டுக்கே போய்ச் சேரும்.

கியர்ப்பெட்டியின் எண்ணெய், ஓசைக்கு மருந்துமாகும், சாட்சியுமாகும். மைனரின் கியர்ப்பெட்டிக்கு உரியது எஞ்சின் எண்ணெயே. பின்னச்சுக்குரிய தடித்த கியர் எண்ணெய் அதற்கு ஏற்றதன்று. தடித்த எண்ணெய் ஓசையைச் சிறிது மறைக்கும் என்பதற்காக அதனை ஊற்றுவோருண்டு. காலைக் குளிரில் கியர் மாறுவது கடினமாவதோடு, அவ்வகை எண்ணெய்கள் சிலவற்றிற் கலந்துள்ள கந்தகச் சேர்க்கைகள் கியர்ப்பெட்டியின் வெண்கலப் பாகங்களை நாளடைவில் அரித்துவிடும். எண்ணெய் நிரப்பும் வழி தரைவிரிப்பின் கீழ், இறப்பர் மூடியொன்றின் மறைவில் இருப்பதால், பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமற் போவதுண்டு. இரையும் கியர்ப்பெட்டிகளுட் சில, உரிய எண்ணெயை உரிய அளவுக்கு ஊற்றியவுடனே அமைதியடைந்துவிடும்.

ஓசை நீங்காதாயின், கார் ஓடிச் சூடாயிருக்கும்போதே எண்ணெயை அகன்ற வெள்ளைத் தட்டமொன்றில் வடிக்கவேண்டும். சாம்பல்நிறத் தூள் மெல்லியதாகக் கலந்திருப்பது வயதின் இயல்பு. காந்தத்தை அதனுள் ஆட்டினால் ஒட்டிக்கொள்வது உருக்கு. பற்களிலிருந்தோ பெயரிங்கிலிருந்தோ வந்தது. ஒட்டாமற் பொன்னிறமாய் மின்னுவது வெண்கலம்; இசைவுப் பொறியிலிருந்து வந்தது. விரலால் எடுக்கக்கூடிய உருக்குச் சில்லொன்றோ, ஊசியின் முறிந்த துண்டோ தட்டத்திற் கிடந்தால், அந்தக் காரை அன்றே நிறுத்திவிடவேண்டும். பழைய கார் வாங்கச் செல்பவரும் இச்சோதனையை விடலாகாது. இரையும் கியர்ப்பெட்டியில் மரத்தூளைப் போட்டு ஓசையை அடக்கி விற்பது மோட்டார் உலகின் மிகப் பழைய மோசடிகளுள் ஒன்று. அத்தகைய கியர்ப்பெட்டி வாங்கியவரின் வீடுவரை மௌனமாக வரும்.

எந்த ஓசை காத்திருக்கும், எது காத்திராது? நெடுங்காலமாக ஒரே சுருதியில் நிற்கும் மெல்லிய இரைச்சலோடு ஆண்டுக்கணக்கில் ஓடும் கார்கள் உண்டு. எண்ணெயைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கிரீச்சிடும் விடுவிப்புப் பெயரிங் சில வாரம் பொறுக்கும். பொறுக்காதபோது காரைத் தெருவில் நிறுத்தும். கிழமைக்குக் கிழமை வளரும் ஓசை அவசரமானது. திடீரென எழும் அரைபடும் ஓசைக்கு ஒரு மைல்கூட இடங்கொடுக்கலாகாது. பெயரிங் உடைந்து கியர்ப்பெட்டி இறுகினால் பின்சில்லுகளே ஓட்டத்தில் இறுகிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது கியர் தானாகக் கழன்று விழுவது. தேய்ந்த பற்கள், வலியிழந்த சிறு வில்லுகள், ஆட்டங்கண்ட தண்டுகள் என்பன இதற்குக் காரணம். சமதரையில் இது எரிச்சலூட்டுவதோடு நின்றுவிடும். கடுகண்ணாவை இறக்கத்திலோ, நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்கும் தெருவிலோ நிகழ்ந்தால், காரைப் பிடித்துநிறுத்திக்கொண்டிருந்த எஞ்சின் ஒரே கணத்தில் கைவிட்டுவிடும். முழுப் பாரமும் பழைய பிறேக்கின்மேல் வந்து விழும். அக்கார்களின் பிறேக்குகள் நீண்ட இறக்கத்திற் சூடேறித் தளர்பவை. கைபிடியைக் கையால் அமுக்கிக்கொண்டே இறங்குவது சாரதிகள் பலரது வழக்கம். அதனால் கியரைப் பிடிக்கும் உட்கவை தேய்ந்து, நோய் முற்றுகிறது. ஒரு கையும் திசைதிருப்பியிலிருந்து போய்விடுகிறது. கியர் கழலும் காரை மலைநாட்டுக்குக் கொண்டுபோகாதிருப்பதே தக்கது.

முன்சில்லுகளால் ஓடும் சிறு கார்களை வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. நிறுத்திவைத்துச் செய்யும் மிதிச் சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அவற்றிற் பெரும்பாலானவற்றில் நேரே பூட்டப்படும் கியர் கிடையாது; எல்லாக் கியரிலும் விசை பற்களின் வழியே செல்கிறது. ஆகவே நான்காம் கியரின் அமைதியைக்கொண்டு தீர்மானிக்கும் முறை அங்கே செல்லாது. திசைதிருப்பியை முழுவதும் வளைத்து மெதுவாக ஓட்டும்போது எழும் 'கடக் கடக்' ஓசை, சில்லுக்குச் செல்லும் தண்டின் வெளிமூட்டினது. அதற்காகவும் கியர்ப்பெட்டிகள் இறக்கப்பட்டதுண்டு.

சோதனைகளெல்லாம் முடிந்து, கியர்ப்பெட்டியை இறக்கியே ஆகவேண்டும் என்று தெளிந்தால், ஒரே கூலியில் முடிக்கக்கூடிய வேலைகளை ஒன்றாக முடித்துக்கொள்வதே சிக்கனம். விடுவிப்புப் பெயரிங்கும் முன்தண்டு நுனியின் வெண்கலக் குழலும் விலை குறைந்தவை. அவற்றை அடைய ஆகும் உழைப்போ மிகப் பெரிது. கிளச்சுத் தட்டின் உராய்வுப் பரப்பு அதனைப் பொருத்திய ஆணிகளின் தலைவரை தேய்ந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும். கீழ் உருளையின் ஊசிகள் மாற்றப்படும்போது, அவை சுழன்ற தண்டையும் விரல்நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். நகத்திற் பள்ளம் தட்டுப்படும் தண்டின்மேற் புதிய ஊசிகள் நெடுநாள் நில்லா. கழற்றிய பழைய பாகங்களைச் சொந்தக்காரர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். நல்ல மெக்கானிக் அதற்கு மனங்கோணமாட்டார். கியர்ப்பெட்டியைப் பூட்டியபின் எஞ்சினைக் கிளப்புமுன்னரே எண்ணெய் ஊற்றப்பட்டதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளவேண்டும். சில நூறு மைல் ஓடியபின் அவ்வெண்ணெயை மீண்டும் அதே வெள்ளைத் தட்டத்தில் வடித்து, காந்தத்தை ஆட்டிப் பார்க்கவேண்டும்.